உயிரில்லாத தசை இழை சுருங்கியது எப்படி? ஹிட்லரின் கோபத்துக்கு ஆளான விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜியின் கதை

இதைப் படிக்க நீங்கள் போன் திரையை விரலால் மேலே தள்ளுகிறீர்கள். அந்தச் சின்ன அசைவுக்குப் பின்னால் எண்ண முடியாத அளவு புரத மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கின்றன. ஒன்றின் பெயர் ஆக்டின், இன்னொன்று மயோசின். இதயம் துடிப்பது, கண் இமைப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாமே இந்த ஜோடியின் வேலைதான்.

இன்றைக்கு மனித இதயத்தின் மயோசினை ஆராய, மனித இதயத்தை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அதற்கான மரபணுவை வளர்ப்பு செல்களுக்குள் செலுத்தி, ஆய்வகத்திலேயே அந்தப் புரதத்தைத் தயாரிக்கிறார்கள். இதற்கு ரீகாம்பினன்ட் புரதம், அதாவது மறுசேர்க்கைப் புரதம் என்று பெயர். ஒரு சின்ன குப்பியில் உறைந்த நிலையில் இருக்கும் அந்தத் திரவத்தை நம்பி இதய நோய் மருந்துகளே உருவாகியிருக்கின்றன.

சரி, ஆக்டினையும் மயோசினையும் உடலுக்கு வெளியே எடுத்து, வெறும் கண்ணாடியின் மேல் சுருங்க வைக்க முடியும் என்று காட்டியது யார்? ஹங்கேரியைச் சேர்ந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் அவருடைய குழுவும். பாடப் புத்தகங்களில் இவர் வைட்டமின் சி-க்கு நோபல் வாங்கியவர். ஆனா இவருடைய பெரிய சாதனை அந்த நோபலுக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் உலகப் போர் வாசலுக்கே வந்து நின்ற நேரத்தில்.

மக்குப் பையன் என்று பெயர் வாங்கியவர்

1893 செப்டம்பர் 16 அன்று புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் ஆல்பர்ட். அம்மா வழியில் மூன்று தலைமுறையாக விஞ்ஞானிகள். தாய்மாமா மிஹாய் லென்ஹோசெக் பெயர்பெற்ற உடற்கூறியல் பேராசிரியர். வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சே அறிவியலும் இசையும்தான்.

ஆனா சிறுவன் ஆல்பர்ட்டுக்குப் படிப்பு ஏறவில்லை. புத்தகம் பக்கமே போகாத பையன் என்று மாமாவுக்கு அவர்மேல் சுத்தமாக நம்பிக்கை இல்லை. பதினாறு வயது வாக்கில் திடீரென்று வாசிக்க ஆரம்பித்தவர், தானும் ஆராய்ச்சியாளர் ஆவேன் என்றதும் மாமா கடுமையாக எதிர்த்தார். மதிப்பெண்கள் ஏற ஏற, எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாமாவுக்கு மூலநோய்த் தொல்லை இருந்ததால், மருமகனின் முதல் ஆய்வுக் கட்டுரை ஆசனவாயின் தோல் அமைப்பைப் பற்றியதாக ஆகிப்போனது. அறிவியலுக்குள் தவறான முனையிலிருந்து நுழைந்ததாகப் பின்னாளில் அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

1911-ல் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படிப்பு முடிவதற்குள் முதல் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் போர்முனைக்குப் போனார், வீரத்துக்காக வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். 1916 வாக்கில் அவருக்கு ஒன்று தெளிவானது. போர் தோற்றாகிவிட்டது, தளபதிகள் சும்மா ஆட்களைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் துப்பாக்கியை எடுத்துத் தன் கை எலும்பிலேயே சுட்டுக்கொண்டார். எதிரியின் குண்டு பட்டது என்று சொல்லி ஊர் திரும்பி, 1917-ல் மருத்துவப் பட்டத்தை முடித்தார். அதிகாரம் கேட்கிறது என்பதற்காக உயிரைத் தூக்கிக் கொடுக்க முடியாது என்ற அந்த முடிவு, அவர் வாழ்க்கையில் பலமுறை திரும்பி வரப்போகிறது.

பெயர் தெரியாத சர்க்கரை

போருக்குப் பிறகு ஹங்கேரி சுருங்கிப்போனது. வேலை தேடி மனைவி, கைக்குழந்தையோடு பிராக், பெர்லின், ஹாம்பர்க், லைடன் என்று ஊர் ஊராக அலைந்து, கடைசியில் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகருக்கு வந்தார். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி எப்படி ஆற்றல் எடுக்கின்றன என்பதுதான் அப்போது அவருடைய கேள்வி. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறது, எலுமிச்சை ஏன் ஆவதில்லை என்று யோசித்தவர், பழுப்பாவதைத் தடுக்கும் ஒரு பொருளைத் தேடிப் போனார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் அதே குணமுள்ள பொருள் கிடைத்தது.

அந்த நேரத்தில் அவரை ஆதரித்த பேராசிரியர் இறந்துபோக, அடுத்து வந்தவருக்கு இவரைப் பிடிக்கவில்லை. வேலை போனது. ஆராய்ச்சி வாழ்க்கையே முடிந்தது என்ற மனநிலையில், 1926-ல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உடலியல் மாநாட்டுக்குப் போனார். மேடையில் பேசிய கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஃபிரடெரிக் ஹாப்கின்ஸ், இவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவரை, ஹாப்கின்ஸ் கேம்பிரிட்ஜுக்கே அழைத்துக்கொண்டார்.

அங்கே அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். சர்க்கரை மாதிரி இருந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. தெரியாது என்ற அர்த்தம் வரும்படி விளையாட்டாக இக்னோஸ் என்று பெயர் வைத்தார். ஆய்விதழ் ஆசிரியர் ஏற்கவில்லை. சரி, கடவுளுக்குத்தான் தெரியும் என்ற அர்த்தத்தில் காட்நோஸ் என்று மாற்றினார். ஆசிரியருக்கு அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் ஹெக்சுரோனிக் அமிலம் என்று அச்சானது.

1930-களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் செகெட் நகரப் பல்கலைக்கழகம் அழைக்க, நாடு திரும்பினார். அங்கே வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞர் ஜோசப் ஸ்விர்பெலி, இந்த அமிலத்தைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஸ்கர்வி நோய் வரவில்லை. ஊர் உலகமே தேடிக்கொண்டிருந்த வைட்டமின் சி அதுதான். இதே முடிவை அமெரிக்காவின் சார்லஸ் கிங் 1932-ல் இரண்டு வாரம் முன்னதாக வெளியிட்டதால், யார் முதலில் என்ற சண்டை நீண்ட காலம் நடந்தது.

அடுத்த சிக்கல், அளவு. அட்ரினல் சுரப்பிகளிலிருந்து கிராம் கணக்கில்தான் எடுக்க முடிந்தது. செகெட் நகரமோ பாப்ரிகா மிளகாய்க்குப் பெயர்போன ஊர். ஒருநாள் இரவு சாப்பாட்டில் மனைவி பாப்ரிகாவை வைக்க, சாப்பிட மனமில்லாத ஆல்பர்ட் அதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார். நள்ளிரவுக்குள் விடை தெரிந்தது. அது வைட்டமின் சி சுரங்கம். சில வாரங்களில் ஒரு கிலோவுக்கும் மேல் எடுத்து, கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் அனுப்பினார். 1937-ல் மருத்துவ நோபல் தேடி வந்தது. வைட்டமின் சி மட்டுமல்ல, செல்கள் ஆற்றலை எரிக்கும் விதம் பற்றிய கண்டுபிடிப்புகளும் சேர்த்துத்தான் அந்தப் பரிசு.

நோபலுக்குப் பிறகு புதிய வகுப்பில் முதல் நாள்

நோபல் வாங்கிய நாற்பத்து நான்கு வயதுக்காரர் அதே துறையில் உட்கார்ந்து பெயர் சம்பாதித்திருக்கலாம். இவர் தனக்கு அவ்வளவாகத் தெரியாத தசைப் பக்கம் திரும்பினார். காரணம் எளிமையானது. உயிர் என்றால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. உயிரின் மற்ற வேலைகளை அளக்கக் கருவி வேண்டும். தசை சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மயோசின் என்ற பெயர் அப்போதே பழையது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூனே 1864-லேயே தசையிலிருந்து எடுத்த புரதத்துக்கு வைத்த பெயர் அது. 1939-ல் சோவியத் விஞ்ஞானிகள் எங்கல்ஹார்ட், லுபிமோவா தம்பதி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறை உடைப்பது இந்த மயோசின்தான். அப்படியானால் தசையின் கட்டுமானப் பொருளே அதன் இன்ஜினும்கூட.

செகெட் ஆய்வகத்தில் இலோனா பாங்கா என்ற பெண் விஞ்ஞானி, முயல் தசையை அரைத்து உப்புக் கரைசலில் ஊறவைத்து மயோசின் எடுப்பார். இருபது நிமிடத்தில் வடித்தால் தண்ணி மாதிரி வந்தது. ஒருமுறை இரவு முழுக்க ஊறிப்போனது காலையில் கூழ் மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தக் கூழில் ஏ.டி.பி. சேர்த்தால் சட்டென்று இளகியது. நேரம் அதிகமானதற்காகத் தூக்கிப் போட்டிருக்கலாம். அவர்கள், இரவில் கூடுதலாகக் கரைந்து வந்தது என்ன என்று கேட்டார்கள்.

விடையைப் பிரித்துக் காட்டியது குழுவின் இளைஞர் ப்ரூனோ ஸ்ட்ராப். கெட்டியான கூழில் மயோசினோடு இன்னொரு புரதமும் இருந்தது. மயோசினை அது தூண்டிவிட்டுச் செயல்பட வைப்பதால் ஆக்டின் என்று பெயர் வைத்தார்கள். 1942-ல் அதைத் தனியாக எடுக்கும் முறையை ஸ்ட்ராப் எழுதினார். தசையை அசிட்டோனில் உலர்த்திப் பொடியாக்கி, அதிலிருந்து நீரில் கரைத்து எடுக்கும் அந்த முறை இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது.

இதில் சென்ட்-ஜியார்ஜி கண்ணால் பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஆக்டினும் மயோசினும் சேர்ந்த கலவையை மெல்லிய இழையாகப் பிழிந்து, அதன்மேல் ஏ.டி.பி. உள்ள தசைச் சாற்றை விட்டார். இழை சுருங்கியது. முயல் எப்போதோ செத்துப்போனது. செல் இல்லை, நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் அந்த இழை சுருங்கியது. உயிரின் மிகப் பழைய அடையாளமான அசைவை உடலுக்கு வெளியே பார்த்த அந்த நொடியைத் தன் வாழ்க்கையின் உச்சம் என்றே அவர் சொல்லிவந்தார்.

கொஞ்சம் நிறுத்தி, இது எப்படி வேலை செய்கிறது?

ஆக்டின் ஒரு கயிறு. மயோசினுக்குத் தலை மாதிரி ஒரு பகுதி உண்டு. அந்தத் தலை கயிற்றைப் பிடித்து இழுக்கும். இழுத்த பிறகு பிடியை விட ஒரு ஏ.டி.பி. வந்து ஒட்ட வேண்டும். அதை உடைத்து ஆற்றல் எடுத்து, தலை அடுத்த இழுப்புக்குத் தயாராகும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான்.

இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போகிறதே, அதற்கும் விடை இங்கேதான். ஏ.டி.பி. தீர்ந்துபோனால் மயோசின் பிடித்த பிடியை விட முடியாது. பாங்காவின் கூழ் கெட்டியாக இருந்ததும், ஏ.டி.பி. சேர்த்ததும் இளகியதும் இதே கணக்குதான்.

ஆய்வகத்துக்கு வெளியே போர்

இதெல்லாம் நடந்த வருடங்களை இன்னொரு முறை பாருங்கள். 1939 முதல் 1943 வரை. ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி நாடு. வெளிநாட்டு ஆய்விதழ்கள் வருவதில்லை, இங்கிருந்து போவதும் கஷ்டம். முடிவுகளைப் பல்கலைக்கழகமே சிறு தொகுப்புகளாக அச்சடித்தது. வெளியுலகம் அவற்றை முழுமையாகப் பார்த்தது 1945-ல், ஸ்வீடன் ஆய்விதழ் ஒன்றின் இணைப்பாக வந்தபோதுதான்.

சென்ட்-ஜியார்ஜி ஆய்வகத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. சோவியத் படையெடுப்புக்கு ஆளான ஃபின்லாந்துக்கு 1940-ல் தன் நோபல் தங்கப் பதக்கத்தையே நன்கொடையாகக் கொடுத்தார். யூத நண்பர்களுக்கு உதவினார். 1943-ல் சொற்பொழிவுக்குப் போகிறேன் என்ற பெயரில் இஸ்தான்புல் போனார். உண்மையான வேலை வேறு. ஹங்கேரி எப்படி ஹிட்லரை விட்டு விலகலாம் என்று நேச நாடுகளின் உளவுத்துறையிடம் ரகசியமாகப் பேசுவது. பிரதமர் கல்லாய்க்குத் தெரிந்தே நடந்த பயணம் அது.

ரகசியம் ஜெர்மானியர்களுக்குக் கசிந்தது. ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தியை நேரில் அழைத்த ஹிட்லர், சென்ட்-ஜியார்ஜியின் பெயரைச் சொல்லியே கத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்த பிறகு அவர் தலைமறைவானார். ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் ஏற்பாட்டில் அவருக்கு ஸ்வீடன் குடியுரிமை கிடைத்தது. சில காலம் புடாபெஸ்ட்டில் உள்ள ஸ்வீடன் தூதரகத்தில் வேறு பெயரில் ஒளிந்திருந்தார். பிறகு அங்கேயும் பாதுகாப்பில்லாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரமாக வெளியே கொண்டுபோனது சோவியத் படை.

போர் முடிந்ததும் அவர் தேசத்தின் நாயகன். நாடாளுமன்ற உறுப்பினர், புடாபெஸ்ட்டில் பேராசிரியர் பதவி என எல்லாம் கிடைத்தன. பட்டினியில் கிடந்த விஞ்ஞானிகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய, தனக்கிருந்த சோவியத் தொடர்பையே பயன்படுத்தினார். ஆனா நாஜி பிடி போய், இன்னொரு பிடி இறுகுவதைப் பார்க்க அவருக்கு நேரம் ஆகவில்லை. 1947-ல் அமெரிக்கா கிளம்பிவிட்டார்.

கடற்கரை ஆய்வகம், காலி பர்ஸ்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில், கடல் உயிரியல் ஆய்வகத்தில் இடம் பிடித்தார். செகெட் குழுவில் சிலரும் வந்து சேர்ந்தார்கள். 1949-ல் இன்னொரு எளிய வித்தை. முயல் தசை இழையைக் கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் வைத்தார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் கழித்து எடுத்து ஏ.டி.பி. விட்டாலும், உயிருள்ள தசை அளவுக்கு இழுவிசையோடு அது சுருங்கியது. இன்றும் தசை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மாதிரி இது.

1954-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஒரு பக்கமும், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்கே இன்னொரு பக்கமும் ஒரே விடையை வெளியிட்டார்கள். சுருங்கும்போது இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. செகெட் ஆரம்பித்த கதையின் முக்கியமான திருப்பம் மற்றவர்கள் கையால் வந்தது. புரதமே மடங்கிச் சுருங்குகிறது என்றுதான் சென்ட்-ஜியார்ஜி நினைத்திருந்தார்.

அதற்குள் அவர் மனம் வேறு பக்கம் போயிருந்தது. உயிரைப் புரிந்துகொள்ள மூலக்கூறு போதாது, எலக்ட்ரான் வரை இறங்க வேண்டும் என்று நம்பினார். இரண்டாவது மனைவி மார்த்தா 1963-ல் புற்றுநோயால் இறந்தார். 1969-ல் ஒரே மகள் நெல்லியும் அதே நோய்க்குப் பலியானார். மீதி வாழ்க்கை புற்றுநோய் ஆராய்ச்சி என்றானது. அரசு நிதி கிடைப்பது பெரும்பாடு. அடுத்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது தெரிந்தால் ஆராய்ச்சி எதற்கு என்பார். அவருடைய பணக் கஷ்டத்தைச் செய்தித்தாளில் படித்த ஒரு வழக்கறிஞர் 25 டாலர் அனுப்ப, அந்தப் பழக்கத்திலிருந்து 1973-ல் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை பிறந்தது.

வியட்நாம் போரையும் அணு ஆயுதத்தையும் எதிர்த்து எழுதினார், பேசினார். எலக்ட்ரான் அளவில் புற்றுநோயைப் பிடிக்கும் அவருடைய முயற்சி பெரிய வெற்றியாகவில்லை. விலங்கிலிருந்து தசைக்கு, தசையிலிருந்து மூலக்கூறுக்கு, அங்கிருந்து எலக்ட்ரானுக்கு என்று இறங்கிக்கொண்டே போனதில், உயிர் தன் விரலிடுக்கில் எங்கோ வழிந்துபோனதை அவரே ஒப்புக்கொண்டார். 1986 அக்டோபர் 22 அன்று வுட்ஸ் ஹோலில் 93 வயதில் இறந்தார்.

முயலிலிருந்து மனிதருக்கு

இன்றைய ஆய்வகம் அவர் இறங்கிய அதே படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு புரதத்தில் தொடங்கி இழைக்கும், இதயத்துக்கும், கடைசியில் நோயாளிக்கும் போகிறது.

அவர் காலத்தில் முயல் போதும். எலும்புத் தசையின் ஆக்டினைப் பொறுத்தவரை இன்றும் போதும். அதன் 375 அமினோ அமிலங்களும் முயலுக்கும் மனிதருக்கும் ஒன்றேதான். ஆனா இதய மயோசின் விஷயம் வேறு. எலியின் இதயத்தில் பெரும்பாலும் இருப்பது ஒரு வகை, மனித இதயத்தின் கீழறைகளில் இருப்பது இன்னொரு வகை. மருந்து மனிதருக்கு என்றால் மனிதப் புரதத்தில்தான் சோதிக்க வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது?

அதனால்தான் மறுசேர்க்கை முறை. இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இன்சுலின் மாதிரி இதைப் பாக்டீரியாவில் தயாரிக்க முடியவில்லை. தசை மயோசின் சரியாக மடிந்து உருவம் பெற, தசை செல்லுக்குள் இருக்கும் உதவிப் புரதங்கள் வேண்டும். எனவே மனித மரபணுவை எலியின் வளர்ப்புத் தசை செல்களுக்குள் செலுத்தித் தயாரிக்கிறார்கள். இதில் பெரிய வசதி, மரபணுவில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, நோயாளியிடம் இருக்கும் அதே பிழையோடு புரதத்தை வார்த்துச் சோதிக்கலாம்.

இதயச் சுவர் தடித்துப்போகும் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்ற நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்து இறந்தார் என்ற செய்திகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். பல குடும்பங்களில் இதன் வேர் மயோசினிலோ, அதோடு ஒட்டும் புரதத்திலோ உள்ள மரபணுப் பிழை. மயோசினின் இழுப்பை நேரடியாகக் குறைக்கும் மாவாகம்டென் என்ற மருந்துக்கு, இந்த நோயின் ஒரு வகைக்காக, 2022-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

இது நம்ம ஊருக்கும் தூரத்துச் செய்தி இல்லை. மயோசினோடு ஒட்டும் இதயப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு அது. இந்த மாற்றம் இருந்தாலே நோய் வரும் என்று அர்த்தமில்லை, ஆனால் இதயச் செயலிழப்பு ஆபத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. அந்தப் புரதம் மயோசினை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதைத் தசைப் புரதங்களைக் குப்பியில் வைத்துத்தான் ஆய்வாளர்கள் இன்று அலசுகிறார்கள்.

நோபலைத் தந்த வைட்டமின் சி இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. போர்க்காலத்தில் செகெட் நகரில் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீர் இதய நிறுத்தத்தால் இறந்திருந்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் ஒருமுறை இதய மருத்துவரிடம் சொல்லி எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது.